கடைசி பெஞ்சில் வந்து உட்காருங்கள்: உயர்கல்வித் துறைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய உயர்கல்வித் துறைச் செயலாளர் அவர்களுக்கும், மாநில உயர்கல்வி மன்றத்தின் பொறுப்பாளர்களுக்கும் வணக்கம்.

நான் அரசு உதவி பெறும் ஒரு கலை அறிவியல் கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுக்கிறேன். வேலைக்குச் சேர்ந்து 28 வருடம் ஆகிறது. ஓய்வுக்கு இன்னும் மூன்று வருடம் இருக்கிறது. வர வேண்டிய பதவி உயர்வெல்லாம் வந்துவிட்டது. இந்த மடலால் எனக்கு ஆக வேண்டியது ஒன்றுமில்லை. ஆசிரியரின் கற்பித்தலை நாம் எப்படி மதிப்பிடுகிறோம் என்பதைப் பற்றி ஒரு விஷயத்தைச் சொல்லாமல் வேலையை விட்டுப் போக மனசு வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

இந்த 28 வருடத்தில் நான் பாடம் நடத்துவதை என் மாணவர்களைத் தவிர யாரும் பார்த்ததில்லை. முதல்வர் வராந்தாவில் நடந்து போவார், வகுப்பில் ஆசிரியர் நிற்கிறாரா என்று பார்த்துக்கொண்டே கடந்துவிடுவார். கல்லூரிகளுக்குத் தரம் போடுகிற நாக் குழு வந்தபோது இரண்டு பேர் வாசலில் நின்று எட்டிப் பார்த்தார்கள், ப்ரொஜெக்டர் வேலை செய்கிறதா என்று கேட்டார்கள், போய்விட்டார்கள். ஆனாலும் கடைசியாக நான் பதவி உயர்வுக்கு விண்ணப்பித்தபோது என் கற்பித்தல் ‘நன்று’ என்று தரம் போட்டுக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார்கள். எதை வைத்து அப்படிப் போட்டார்கள் என்பது உங்களுக்கும் தெரியும்.

தெரியாத வாசகர்களுக்காகச் சொல்கிறேன். பல்கலைக்கழக மானியக் குழு 2018-ல் கொண்டுவந்த விதிமுறைகளில் ஓர் அட்டவணை இருக்கிறது. ஆசிரியருக்கு ஒதுக்கிய வகுப்புகளில் அவர் எத்தனை எடுத்தார் என்று கணக்குப் பார்க்க வேண்டும். 80 சதவீதமோ அதற்கு மேலோ எடுத்திருந்தால் நன்று. 70-லிருந்து 80-க்குள் என்றால் திருப்திகரம். 70-க்குக் கீழே போனால் திருப்தி இல்லை. கற்பித்தலைப் பற்றி அந்த அட்டவணை கேட்பது இவ்வளவுதான். வகுப்புக்கே வராத ஆசிரியர்களை நானும் பார்த்திருக்கிறேன், ஆகவே இந்தக் கேள்வி தேவையில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் வந்தவர் அந்த ஒரு மணி நேரத்தில் என்ன செய்தார், எதிரில் உட்கார்ந்திருந்த அறுபது பேரில் எத்தனை பேருக்கு ஏதாவது விளங்கியது என்று கேட்க அந்தத் தாளில் ஒரு கட்டம்கூட இல்லை.

எங்கள் டிபார்ட்மெண்டில் ஒரு அம்மா இருந்தார். என்னைவிட நான்கு வருடம் சீனியர். ஒருநாள் என் வகுப்பில் சாக்பீஸ் தீர்ந்துபோய், கேட்டு வாங்கலாம் என்று பக்கத்து அறைக்குப் போனேன். வாசலிலேயே நின்றுவிட்டேன். மேஜை மேல் இரண்டு பிளாஸ்டிக் டப். ஒன்றில் முக்கால்வாசி தண்ணீர், இன்னொன்று காலி. ஒரு பையன் கையில் சொம்பு, இன்னொருவன் கையில் டம்ளர். சொம்புக்காரன் நிறைந்த டப்பிலிருந்து காலி டப்பில் ஊற்றுகிறான், டம்ளர்க்காரன் அங்கே சேர்ந்ததை மொண்டு திருப்பி இதில் ஊற்றுகிறான். வகுப்பு முழுக்கச் சிரிப்பு. கொஞ்ச நேரத்தில் முதல் டப்பில் தண்ணீர் கீழே இறங்கிவிட்டது. சொம்பை முக்கினாலும் ஒரு டம்ளர் அளவுதான் வருகிறது. இரண்டு டப்பிலும் ஸ்கெட்ச் பேனாவால் கோடு போடச் சொன்னார். பையன்கள் ஊற்றிக்கொண்டே இருக்கிறார்கள், கோடு மாறவில்லை.

“அவங்க நிறுத்திட்டாங்களா?” என்று கேட்டார். “இல்ல மேடம், ஊத்திக்கிட்டுத்தான் இருக்காங்க.” “அப்ப மட்டம் ஏன் மாறலை?” அமைதி. இரண்டு டப்பிலும் தண்ணீர் ஒரே அளவு இல்லை என்பதை ஒருவன் எழுந்து சொன்னான். “சரி, அளவு சமமில்லை. வேற எது சமம்?” ஒரு நிமிஷம் யாரும் வாயைத் திறக்கவில்லை, அவரும் திறக்கவில்லை. அந்த ஒரு நிமிஷம் பேசாமல் நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று வகுப்பு எடுத்தவர்களுக்குத் தெரியும். கடைசி வரிசையிலிருந்து, முதல் வருடம் முழுக்க வாய் திறந்து நான் பார்த்தேயிராத ஒரு பெண், “போறதும் வர்றதும் சமம் மேடம்” என்றாள். அதற்கப்புறம்தான் அந்த அம்மா கரும்பலகை பக்கம் திரும்பி ‘வேதிச் சமநிலை’ என்று எழுதினார்.

நான் சாக்பீஸ் கேட்க மறந்துபோய்த் திரும்பினேன். வேதிச் சமநிலையை நானும் பதினைந்து வருடம் நடத்தியிருந்தேன். முன்னோக்கு வினையின் வேகமும் பின்னோக்கு வினையின் வேகமும் சமம் என்று முதல் நிமிஷத்திலேயே எழுதிப்போட்டுவிட்டுக் கணக்குக்குப் போய்விடுவேன். சமநிலை வந்துவிட்டால் வினை நின்றுவிடும் என்று தேர்வில் மாணவர்கள் எழுதும்போது, படிக்காமல் வந்திருக்கிறார்கள் என்று கோபப்படுவேன். அடுத்த வருடத்திலிருந்து நானும் இரண்டு டப் வாங்கி வைத்துக்கொண்டேன். என் வேலையில் நான் கற்றுக்கொண்ட பெரிய பாடங்களில் ஒன்று சாக்பீஸ் தீர்ந்ததால் கிடைத்தது. தீராமல் இருந்திருந்தால் எனக்குக் கிடைத்திருக்காது.

அன்றைய ஒர்க் டன் ரிஜிஸ்டரில் அந்த வகுப்பு எப்படிப் பதிவாகியிருக்கும்? ‘வேதிச் சமநிலை, அறிமுகம், ஒரு மணி நேரம்.’ என் ரிஜிஸ்டரிலும் அதே வரிதான்.

அந்த அம்மாவின் பதவி உயர்வு 2014-ல் நின்றுபோனது. அப்போது ஆசிரியரின் வேலையைப் புள்ளி போட்டுக் கூட்டுகிற ஏபிஐ ஸ்கோர் காலம். 2010 விதிமுறைகளில் வந்த முறை அது. மூன்று பிரிவு. முதல் பிரிவு கற்பித்தல், வருடத்துக்கு 125 புள்ளி வரை, குறைந்தது 75 இருந்தால் போதும். அதை நாமே எழுதி நாமே கூட்டிக் கொடுப்போம். அந்தப் பிரிவில் யாரும் தோற்றதாக நான் கேள்விப்பட்டதே இல்லை. எல்லோரும் ஜெயிக்கிற பிரிவு எதையும் தீர்மானிக்காது. தீர்மானித்தது மூன்றாம் பிரிவு, ஆராய்ச்சிக் கட்டுரைகள். அதில்தான் அவருக்குக் குறைந்தது. அதே வருடம் இன்னொருவர் மேலே போனார். காசு கட்டினால் இரண்டு வாரத்தில் போட்டுத் தருகிற பத்திரிகைகளில் அவருடைய கட்டுரைகள் வந்திருந்தன. அவரையும் நான் குறை சொல்ல மாட்டேன். வீட்டுக் கடன், பிள்ளைகள் படிப்பு எல்லாம் அவருக்கும் இருந்தது. விதி எதைக் கேட்டதோ அதை அவர் கொடுத்தார்.

அந்தக் கேள்வி எங்கே கொண்டுபோய் விட்டது என்று நாடே பார்த்தது. 2018 மே மாதம் மானியக் குழு தான் அங்கீகரித்த ஆய்விதழ்களின் பட்டியலிலிருந்து 4,305 பத்திரிகைகளை ஒரேயடியாக நீக்கியது. 2019-ல் கேர் பட்டியல் என்று புதிதாக ஒன்று வந்தது. 2025-ல் அதையும் கைவிட்டார்கள். பட்டியல் மாறிக்கொண்டே இருந்ததே தவிர, பி.எஸ்சி. முதல் வருடப் பிள்ளைகளுக்கு அணு அமைப்பு சொல்லிக்கொடுக்கிற ஒருவரிடம் இதைத்தான் கேட்க வேண்டுமா என்று யாரும் உட்கார்ந்து யோசித்ததாகத் தெரியவில்லை. 2018 அட்டவணையில் அறிவியல் ஆசிரியருக்குக் கட்டுரைக்கு 8 புள்ளி, மொழி, கலை, சமூகவியல் பக்கம் 10 புள்ளி. இரண்டு டப்பும் ஒரு சொம்பும் வைத்துச் சமநிலை புரியவைத்ததற்கு எத்தனை புள்ளி?

ஆராய்ச்சி வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். நல்ல ஆராய்ச்சி செய்கிறவர் வகுப்பில் வேறு மாதிரி பேசுவார், அதையும் பார்த்திருக்கிறேன். ஆனால் வாரத்துக்கு 16 மணி நேரம் வகுப்பு, அதற்கு மேல் லேப், இன்டர்னல் தாள் திருத்துவது, அட்மிஷன் வேலை, ஸ்காலர்ஷிப் வேலை என்று இருக்கிற கல்லூரி ஆசிரியரிடம் கட்டுரையை மட்டும் எண்ணினால், அவர் வகுப்பிலிருந்துதான் நேரத்தைத் திருடியாக வேண்டும். வேறு எங்கே எடுப்பார்?

சரி, மாணவர்களையே கேட்டுவிடலாமே என்பீர்கள். கேட்கிறோம். செமஸ்டர் முடியும்போது ஃபீட்பேக் ஃபார்ம். எங்கள் கல்லூரியில் முன்பு தாளில் இருந்தது, இப்போது போனில் லிங்க். பூர்த்தி செய்தால்தான் ஹால் டிக்கெட் என்று சொன்ன வருடமும் உண்டு. இருபது கேள்வி, ஒவ்வொன்றுக்கும் ஒன்றிலிருந்து ஐந்து. ஒரு பையன் பஸ்ஸுக்கு நின்றுகொண்டே ஆறு ஆசிரியர்களுக்கும் கடகடவென்று நான்கு, நான்கு, நான்கு என்று தட்டிவிட்டுப் போவதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். இதைக் கல்லூரியின் தர உறுதிப் பிரிவான ஐ.க்யூ.ஏ.சி. கூட்டிச் சராசரி எடுத்து, தசமப் புள்ளிக்கு அப்புறம் இரண்டு இலக்கம் வரை அச்சடித்துக் கொடுக்கும். 4.12 வாங்கியவர் 3.97 வாங்கியவரைவிட நல்ல ஆசிரியர் என்று அதை வைத்துச் சொல்ல முடியுமா?

இதைப் பற்றி வெளிநாடுகளில் நிறையவே ஆராய்ந்திருக்கிறார்கள். அதில் ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். அமெரிக்க விமானப்படை அகாடமியில் மாணவர்களை எந்த ஆசிரியரிடம் அனுப்புவது என்பதைக் குலுக்கல் மாதிரி தீர்மானிக்கிறார்கள், எல்லோருக்கும் ஒரே தேர்வு. அங்கே கிடைத்த கணக்குகளை வைத்து ஸ்காட் கேரல், ஜேம்ஸ் வெஸ்ட் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் 2010-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அறிமுகக் கால்குலஸ் பாடத்தில், அனுபவம் குறைந்த ஆசிரியர்களிடம் படித்தவர்கள் அந்தத் தேர்வில் நன்றாகச் செய்தார்கள், ஆசிரியருக்கும் நல்ல மதிப்பெண் போட்டார்கள். அனுபவமுள்ள ஆசிரியர்களிடம் படித்தவர்கள் அந்தத் தேர்வில் சற்றுப் பின்னால் இருந்தார்கள், ஆசிரியருக்கும் குறைவாகவே போட்டார்கள். ஆனால் அதைத் தொடர்ந்து வருகிற மேல்நிலைப் பாடங்களில் நிலைமை தலைகீழானது. அனுபவமுள்ளவர்களிடம் அடிப்படை கற்றவர்கள் முந்திவிட்டார்கள். நம் ஊரில் டியூஷன் மாஸ்டரிடம் முக்கியக் கேள்விகளைப் படித்துப் பிளஸ் டூவில் சென்டம் வாங்கி வந்து, முதல் செமஸ்டரிலேயே தடுமாறுகிற பிள்ளைகளைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது.

2018-ல் கனடாவின் டொராண்டோ நகரில் ரையர்சன் பல்கலைக்கழகத்துக்கும் அதன் ஆசிரியர் சங்கத்துக்கும் நடந்த வழக்கில், பதவி உயர்வுக்காகக் கற்பித்தலின் பயனை அளக்க இந்த மாணவர் கருத்துக்கணிப்பைப் பயன்படுத்தக்கூடாது என்று நடுவர் தீர்ப்புச் சொன்னார். வகுப்புக்கு நேரத்துக்கு வருகிறாரா, கேள்வி கேட்க விடுகிறாரா என்பதையெல்லாம் மாணவர்கள்தான் சொல்ல முடியும். அதைக் கேட்டே ஆக வேண்டும். ஆனால் ஆசிரியர் பெண் என்றால் ஒரு மாதிரி, உச்சரிப்பு வேறு என்றால் ஒரு மாதிரி மார்க் விழுவதும் உண்மை. ஒற்றை எண்ணாகக் கூட்டிவிட்டால் இரண்டும் ஒன்றோடொன்று கலந்துவிடும், அப்புறம் பிரிக்க முடியாது.

தேர்ச்சி சதவீதத்தைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. ரிசல்ட் வந்த மறுநாள் முதல்வர் அறையில் பட்டியலை வைத்துக்கொண்டு பேசுவோமே, அதுதான். அரியர் அதிகமுள்ள செக்ஷனை யார் எடுப்பது என்று அடுத்த டைம் டேபிளில் சண்டை வரும். கடைசியில் அது புதிதாக வந்த, நிரந்தர வேலை இல்லாத கௌரவ விரிவுரையாளர் தலையில் விழும். யாருக்கு நல்ல ஆசிரியர் அதிகம் தேவையோ, அவர்களிடமிருந்து எல்லோரும் ஓடுகிறோம்.

இங்கிலாந்தில் 2017-ல் பல்கலைக்கழகங்களின் கற்பித்தலுக்குத் தங்கம், வெள்ளி, வெண்கலம் என்று தரம் பிரித்தார்கள். உலகமே மதிக்கிற லண்டன் பொருளாதாரப் பள்ளிக்கு வெண்கலம் கிடைத்தது, பெரிய பேச்சானது. மாணவர் கருத்துக்கணிப்பு, பாதியில் நிற்காமல் தொடர்ந்து படித்தவர்கள் எத்தனை பேர், படித்து முடித்து வேலைக்குப் போனவர்கள் எத்தனை பேர், அதோடு பல்கலைக்கழகம் தன்னைப் பற்றி எழுதிக் கொடுத்த அறிக்கை. இவற்றைப் பார்த்துத்தான் தரம் கொடுத்தார்கள். அங்கேயும் ஒரு வகுப்பறைக்குள் போய் யாரும் உட்காரவில்லை. கல்லூரிகளுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் மத்திய அரசு போடுகிற என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசையில் ‘கற்பித்தல், கற்றல், வளங்கள்’ என்று கம்பீரமாக ஒரு தலைப்பு உண்டு. உள்ளே போய்ப் பார்த்தால் மாணவர் எண்ணிக்கை, எத்தனை மாணவருக்கு ஓர் ஆசிரியர், பி.எச்டி. முடித்தவர் எத்தனை பேர், எவ்வளவு செலவு செய்தீர்கள் என்பவைதான் இருக்கும். சமையலறையின் நீள அகலத்தையும் பாத்திரங்களின் எண்ணிக்கையையும் குறித்துக்கொண்டு போய்ச் சாப்பாட்டுக்கு மார்க் போடுவது போலத்தான் இது எனக்குத் தெரிகிறது.

நம் மொழியில் இந்தக் கேள்வியை வேறு விதமாகக் கேட்டிருக்கிறார்கள். நன்னூலின் பாயிரத்தில், ஆசிரியராக இருக்கத் தகாதவர்களுக்கு நான்கு உவமை வரும். கழற்சிக்காய் நிரப்பிய குடம் ஒன்று. போட்ட வரிசையில் வராமல் முன்பின்னாகக் கொட்டும், பாடத்தை முறை மாற்றிச் சொல்கிறவர். மடல் அடர்ந்த பனை இன்னொன்று. தானாக விழுந்தால் உண்டு, நாம் ஏறிப் பறிக்க விடாது. அதாவது தான் சொல்ல நினைத்ததைச் சொல்லுவார், நீங்கள் கேள்வி கேட்டால் கிட்டே விட மாட்டார். மூன்றாவது, பஞ்சு அடைத்த குண்டிகை. அந்தக் குறுகிய வாய்க் குடுவைக்குள் பஞ்சை அடைப்பதும் கஷ்டம், எடுப்பதும் கஷ்டம். தானும் சிரமப்பட்டுக் கற்று, பிறருக்கும் எளிதாகச் சொல்லித்தராதவர். நான்காவது, வளைந்த தென்னை: தண்ணீர் ஊற்றியவரை விட்டுவிட்டு அடுத்த வீட்டில் காய் போடும். தமிழ்த்துறை நண்பர் ஒருவர் டீக்கடையில் இதை விளக்கியபோது எங்களோடு வேலை பார்க்கிற நாலு பேர் முகம் எனக்கு ஞாபகம் வந்தது, என் முகமும் சேர்த்து. கவனித்துப் பாருங்கள். இந்த நான்கில் எதையும் ஃபைலைப் புரட்டிக் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் ஒரு மணி நேரம் வகுப்பில் உட்கார்ந்தால், எந்தத் துறை ஆசிரியருக்கும் தெரிந்துவிடும்.

ஆகவே என் கோரிக்கை இதுதான். ஆசிரியர்கள் ஒருவர் வகுப்பில் ஒருவர் போய் உட்காருவதை நம் கல்லூரிகளில் வழக்கமாக்குங்கள். வருடத்துக்கு இரண்டு முறை போதும். ஒருமுறை வேறு கல்லூரியிலிருந்து அதே பாடத்தைச் சேர்ந்த ஒருவர் வரட்டும். இன்னொரு முறை அதே கல்லூரியில் வேறு துறையைச் சேர்ந்த ஒருவர். எனக்குப் பொருளாதாரத் துறை ஆசிரியர் வந்தால் நல்லது. வேதியியல் தெரியாத ஒருவருக்கு எந்த இடத்தில் பாதை தவறுகிறது என்பதை அவரால்தான் காட்ட முடியும். வகுப்புக்கு முன்னால் பத்து நிமிஷம் இருவரும் பேச வேண்டும். இன்று என்ன செய்யப் போகிறேன், எந்த இடத்தில் பிள்ளைகள் தடுமாறுவார்கள் என்று எதிர்பார்க்கிறேன் என்று. முடிந்த பிறகு அரை மணி நேரம். ஒன்றிலிருந்து ஐந்து வேண்டாம். பார்த்ததை ஒரு பக்கம் எழுதினால் போதும். எத்தனை பேர் பேசினார்கள், ஆசிரியர் கேட்ட கேள்விக்கு ஆசிரியரே பதில் சொன்னாரா, பின்வரிசை என்ன செய்துகொண்டிருந்தது, தமிழ் வழியில் படித்து வந்த பிள்ளைகள் எந்த நிமிஷத்தில் பேனாவைக் கீழே வைத்தார்கள். இதெல்லாம் கண்ணுக்குத் தெரிகிற விஷயங்கள்.

தமிழ் வழிப் பிள்ளைகளைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. எங்கள் கல்லூரியில் பாதிக்கு மேல் அவர்கள்தான், பல பேருக்கு வீட்டில் முதல் பட்டம் இதுதான். உயர்கல்விச் சேர்க்கையில் நாட்டின் சராசரி 28 சதவீதம், தமிழ்நாடு 47 சதவீதம் என்று 2021-22 கணக்கெடுப்பு சொன்னபோது நாம் எல்லோரும் பெருமைப்பட்டோம். பெருமைப்பட வேண்டியதுதான். வந்து சேர்ந்துவிட்டார்கள். சேர்ந்த பிறகு முதல் ஆறு மாதம் அவர்கள் வகுப்பில் எப்படி உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்த்திருக்கிறீர்களா? கரும்பலகையில் இருப்பதை எழுத்து விடாமல் நோட்டில் ஏற்றுவார்கள். ‘புரியுதா?’ என்றால் தலையாட்டுவார்கள். அந்தத் தலையாட்டலை நம்பாத ஆசிரியர் யார், நம்பிவிட்டு அடுத்த யூனிட்டுக்குப் போகிறவர் யார் என்பதில்தான் நம் கல்லூரிகளின் தரம் இருக்கிறது என்று நான் உறுதியாகச் சொல்வேன். அந்த அம்மா வகுப்பு முடிய மூன்று நிமிஷம் இருக்கும்போது எல்லோரிடமும் கால் தாள் கொடுத்து, இன்று எது புரியவில்லை என்று எழுதச் சொல்லுவார். தமிழில் எழுதலாம், பெயர் போட வேண்டாம். அதை மஞ்சப்பையில் போட்டு வீட்டுக்கு எடுத்துப் போவார். மறுநாள் வகுப்பு அதிலிருந்துதான் ஆரம்பிக்கும். அவர் ஓய்வு பெற்றபோது பீரோவில் அந்தத் தாள்கள் கட்டுக் கட்டாக இருந்தன. எந்த நாக் குழுவும் அதைக் கேட்கவில்லை.

இதில் ஆபத்து இல்லை என்று சொல்ல மாட்டேன். நம் கல்லூரிகளில் யார் என்ன ஆள், எந்தப் பக்கம் என்று பார்க்கிற வழக்கம் செத்துப்போய்விடவில்லை. நிர்வாகத்தோடு முரண்பட்ட ஒருவரை மடக்க இந்த ஒரு பக்க அறிக்கையை ஆயுதமாக எடுப்பார்கள். ஆகவே சில விஷயங்களில் கறாராக இருக்க வேண்டும். முதல் மூன்று வருடம் அந்த அறிக்கை சம்பந்தப்பட்ட ஆசிரியரைத் தவிர யார் கைக்கும் போகக்கூடாது. அதற்குப் பிறகும், பதவி உயர்வு ஃபைலில் எதை வைப்பது என்பது அவர் விருப்பம். வந்து உட்காருபவரை நிர்வாகமோ துறைத்தலைவரோ தேர்ந்தெடுக்கக்கூடாது, மாவட்டத்துக்கு ஒரு பட்டியல் வைத்து மன்றம்தான் அனுப்ப வேண்டும். போகிறவர்களுக்கும் அதை ஒர்க்லோடில் கணக்கிட வேண்டும், இல்லையென்றால் இதுவும் இன்னொரு ரிஜிஸ்டராகிவிடும். ஆசிரியர் சங்கங்கள் முதலில் எதிர்க்கும். நானும் சங்கத்தில் இருக்கிறவன்தான், அந்தப் பயம் நியாயமானது. அவர்களை உட்கார வைத்துப் பேசித்தான் இதைத் தொடங்க முடியும்.

அடுத்தது வெகுமதி. செப்டம்பர் 5 அன்று பொன்னாடை, கேடயம், குரூப் போட்டோ. தேசிய நல்லாசிரியர் விருது 1958-லிருந்து பள்ளி ஆசிரியர்களுக்கு இருந்தது, 2023-ல்தான் கல்லூரி ஆசிரியர்களுக்கும் வந்தது. சந்தோஷம். ஆனால் விருது நாடு முழுக்க ஒரு சிலருக்குத்தான். எனக்குத் தெரிந்த நல்ல ஆசிரியர்கள் யாரும் கேடயத்துக்கு ஏங்கவில்லை. அவர்கள் கேட்பது நேரம். 16 மணி நேரத்தில் இரண்டைக் குறைத்துக்கொடுங்கள், அந்த நேரத்தில் புதிதாகச் சேர்ந்த இரண்டு பேரின் வகுப்பில் உட்காரச் சொல்லுங்கள். வருடத்துக்கு ஒரு சிறு தொகையை பில் கேட்டு இழுத்தடிக்காமல் கொடுங்கள், டப்பும் சொம்பும் வாங்கிக்கொள்ளட்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, பத்து வருடம் நன்றாகப் பாடம் நடத்தியவர் அதை மட்டும் காட்டிப் பேராசிரியர் ஆவதற்கு ஒரு வழி திறந்துவையுங்கள்.

ஆசிரியர் நியமனம், பதவி உயர்வு விதிமுறைகளுக்கு மானியக் குழு 2025 ஜனவரியில் புது வரைவு வெளியிட்டது. ஒன்பது வகைப் பங்களிப்புகளில் நான்கிலாவது குறிப்பிடும்படி செய்திருக்க வேண்டும் என்கிறது, அதில் புதுமையான கற்பித்தலும் ஒன்று. துணைவேந்தர் நியமனம் பற்றி அதில் இருந்த விதிகளுக்காக அந்த வரைவை எதிர்த்து நம் சட்டமன்றம் தீர்மானம் போட்டது, அதில் எனக்கும் முழுச் சம்மதம். ஆனால் எதிர்ப்போடு நின்றுவிடாமல், கற்பித்தலை அளக்க எங்களிடம் இதைவிட நல்ல வழி இருக்கிறது என்று நாம் செய்து காட்டலாமே. ‘புதுமையான’ என்ற சொல்லை ஃபைலுக்குள் விட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். ஜூன் மாதம் எல்லோரும் பவர்பாயிண்டில் புதுமை செய்து போட்டோ ஒட்டிக் கொடுப்போம்.

கௌரவ விரிவுரையாளர்களைப் பற்றிச் சொல்லாமல் இந்த மடலை முடிக்க முடியாது. நம் அரசுக் கல்லூரிகளில் எத்தனையோ வகுப்புகளை அவர்கள்தான் தாங்குகிறார்கள். ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதம் 50,000 வரை என்று மானியக் குழு 2019-லேயே சொல்லிவிட்டது. அதைக் கேட்டு அவர்கள் தெருவில் உட்கார்ந்ததை நாம் எல்லோரும் பார்த்தோம். அடுத்த வருடம் வேலை உண்டா என்று தெரியாத ஒருவர் வகுப்பில் போய் நோட்டும் கையுமாக உட்கார்ந்தால், அவர் அதை வேலை போகிற அறிகுறியாகத்தான் பார்ப்பார். ஆகவே அவர்கள் விஷயத்தில் வரிசை முக்கியம். முதலில் சம்பளமும் பணிப் பாதுகாப்பும், அப்புறம்தான் மதிப்பீடு. அவர்களில் சிலர் வகுப்பெடுப்பதை ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறேன். நாங்கள் போய்க் கற்றுக்கொள்ள வேண்டிய இடத்தில் இருக்கிறார்கள்.

எல்லாக் கல்லூரியிலும் ஒரே நாளில் தொடங்க வேண்டாம். விருப்பப்பட்டு வருகிற இருபது கல்லூரிகள் போதும், வருகிற ஜூனில் தொடங்கலாம். முதல் பெயராக என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். இரண்டாம் வருடத்துக்குத் தாங்கல் கரைசல் (பஃபர்) நடத்தும்போது யாராவது வந்தால் நல்லது. அசிட்டிக் அமிலமும் சோடியம் அசிட்டேட்டும் சேர்த்து வைத்து, அதில் சில சொட்டு அமிலம் விட்டால் அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். ஏன் அவ்வளவாக மாறவில்லை என்று கேட்பேன். சமன்பாட்டை எல்லோரும் சொல்லுவார்கள், காரணத்தை நாலைந்து பேர்தான் சொல்லுவார்கள். ஒவ்வொரு வருடமும் அதே இடத்தில், ஏறக்குறைய அதே நிமிஷத்தில், மூன்றாம் வரிசைக்குப் பின்னால் இருக்கிற கண்கள் என்னை விட்டுப் போய்விடுகின்றன. நான் என்ன சொல்லும்போது அது நடக்கிறது என்று கரும்பலகைப் பக்கம் நின்றுகொண்டு எனக்குப் பிடிபடவில்லை. அவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்து யாராவது எனக்குச் சொல்ல வேண்டும். இன்னும் மூன்று பேட்ச் பாக்கி இருக்கிறது.

இப்படிக்கு,
ஒரு வேதியியல் ஆசிரியர்